கேள்வி – பதில்: ஒரே சேனல் காலத்து வெள்ளிக்கிழமை

சென்ற மாதம் இந்தப் பகுதியில் ஷட்டர் வைத்த பழைய டி.வி. பெட்டிகளைப் பற்றி எழுதியிருந்தேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். அதனால் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதையே அதிகம் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெட்டியில் என்ன ஓடியது என்று கேட்கின்றன. சிலவற்றுக்கு இங்கே பதில்.

கல்லூரி மாணவி, திருப்பூர்: ஐயா, அந்தக் காலத்தில் ஒரே ஒரு சேனல்தான் என்று அப்பா சொல்கிறார். சாயங்காலம் முழுக்க அதையே பார்த்தால் அலுக்காதா? ஒரு நாள் மாலை என்னென்ன வந்தது என்று வரிசையாகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன் அம்மா. 1989ஆம் வருடக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் கடையில் மதியத்திலிருந்தே கூட்டம். 'ஒலியும் ஒளியும்' வருவதற்குள் செட்டைச் சரிபண்ணிக் கொடுத்துவிட வேண்டும். வேலை முடிந்த செட்டை உடனே கொடுத்தனுப்ப மாட்டேன். இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டு, சூடேறிய பிறகும் படம் நிற்கிறதா என்று பார்ப்பேன். ஆகவே சாயங்காலம் என் மேஜையில் எப்போதும் மூன்று நாலு பெட்டிகள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று 14 அங்குலக் கறுப்பு வெள்ளை, ஒன்று கலர், இன்னொன்று கண்ணாடிக்கு முன்னால் மேலே நீலமும் கீழே பச்சையுமாக பிளாஸ்டிக் தாள் மாட்டியது. எல்லாவற்றிலும் ஒரே நிகழ்ச்சிதான். கடைத் திண்ணையில் தெருவே உட்கார்ந்திருக்கும்.

முதலில் தூர்தர்ஷன் முத்திரை சுழன்று வரும். கூடவே அந்த ஷெனாய். ரவிசங்கரும் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும் சேர்ந்து அமைத்த மெட்டு அது. அந்தச் சத்தம் கேட்டதும் எதிர் வீட்டில் குழித்தறியில் இருப்பவர் காலை மேலே எடுத்துவிடுவார். வெளிச்சம் மங்கும் நேரம், எப்படியும் தறியை விட்டு இறங்கவேண்டியதுதான்.

அடுத்து, கிழமையைப் பொறுத்து குழந்தைகளுக்கான 'கண்மணிப் பூங்கா' வரும், இல்லையென்றால் விவசாயிகளுக்கான 'வயலும் வாழ்வும்' வரும். வயலும் வாழ்வும் ஆரம்பித்தால் டவுன்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் திண்ணையில் யாரும் எழுந்து போனதில்லை. நெல்லில் புகையான் பூச்சி விழுந்தால் தூரைப் பிரித்து அடியில் பார்க்க வேண்டும், தண்ணீரை வடித்துவிட வேண்டும், யூரியாவை ஒரே தடவையாகக் கொட்டக்கூடாது என்பதையெல்லாம் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத நெசவாளர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு மச்சினர் வாலாஜாபாத் பக்கம் விவசாயம். இவர் மருந்தின் அளவை ஒரு தாளில் குறித்துக்கொண்டு மறுநாளே தபால் கார்டு எழுதிப் போடுவார். மச்சினர் வீட்டில் டி.வி. கிடையாது.

பிறகு தமிழில் செய்தி. வாசிப்பது ஷோபனா ரவி என்றால் திண்ணையில் பெண்கள் பக்கம் ஒரு நகர்வு இருக்கும். செய்தியையும் கேட்பார்கள், அதற்கு முன்னால் புடவையைப் பார்ப்பார்கள். பட்டு நெய்கிற வீட்டுப் பெண்கள் அல்லவா? கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்தே, "உடல் மாம்பழ மஞ்சள், கரை அரக்கு, கோர்வைதான்" என்பார் ஒரு பாட்டி. கரையைத் தனி நிறத்தில் நெய்து உடலோடு கோர்ப்பதுதான் கோர்வை. பிறகு கலர் பெட்டிப் பக்கம் திரும்பிச் சரிபார்ப்பார். சாயத்தின் அழுத்தத்தைச் சாம்பல் நிறத்திலேயே படிக்கத் தெரிந்த கண் அது. கலர் செட்டின் நிறம் சரியாக வருகிறதா என்று எனக்குச் சந்தேகம் வந்தால் அந்தப் பாட்டியைத்தான் கேட்பேன். மீட்டரை விட அவர் சொல்வதை நம்புவேன்.

செய்தி முடிந்ததும் 'ஒலியும் ஒளியும்'. அரை மணி நேரத்தில் ஐந்தாறு சினிமாப் பாட்டு, அவ்வளவுதான். தெருவில் சைக்கிள் மணிகூடக் கேட்காது. பழைய பாட்டு ஒன்று, புதுசு ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். அடுத்து என்ன பாட்டு என்று யாருக்கும் தெரியாது. என் தம்பி மகனுக்குப் பழைய பாட்டு வந்தால் முகம் சுருங்கும், எங்கள் அப்பாவுக்குப் புதுப் பாட்டு வந்தால். ஆனாலும் இருவரும் எழுந்து போக மாட்டார்கள், அடுத்த பாட்டு தன்னுடையதாக இருக்கலாமே! அப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே அந்தப் பையனுக்கு ஐம்பதுகளின் பாட்டெல்லாம் பாடமாயிற்று. இதைத்தான் உன்னிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாங்கள் கேட்காததும் வந்தது. வந்ததில் பாதி எங்களோடு தங்கிவிட்டது. கைபேசியில் நீ விரும்பியதைத்தான் அது மேலும் மேலும் கொண்டுவந்து கொடுக்கிறது. புகையானைப் பற்றி அது உனக்கு ஒரு நாளும் சொல்லாது.

எட்டரை மணி வாக்கில் டில்லி ஒளிபரப்பு. இந்திச் செய்தி, இந்தி நாடகம், ஆங்கிலச் செய்தி. திண்ணையில் பாதி காலியாகும். மிச்சம் இருப்பவர்கள் கதையை முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வோம். சில இரவுகளில் ஒடிசியோ கதக்கோ வரும், சரோத் வரும். சரோத் என்ற வாத்தியத்தை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு வாடிக்கையாளரின் செட்டில்தான். ஒலி சரியாக வருகிறதா என்று சோதிக்கத் திறந்து வைத்தவன், வேலையை விட்டுவிட்டுக் கடைசிவரை கேட்டேன்.

வெள்ளிக்கிழமை என்று நான் சொன்னதற்குக் காரணம் இனிமேல்தான் வருகிறது. இரவு வெகு நேரத்துக்குப் பிறகு, பிரணாய் ராய் நடத்திய உலகச் செய்தித் தொகுப்பு. 1988 கடைசியில் தொடங்கியது. வாராவாரம் வெள்ளி இரவு, ஆங்கிலத்தில். எனக்கு ஆங்கிலம் உதிரிப் பாகங்களின் பெயர் அளவுக்குத்தான். அரசுக் கல்லூரியில் படித்த பக்கத்து வீட்டுப் பையன் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவான். 1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தது. சுவர்மேல் ஏறி நின்று சுத்தியலும் உளியுமாகக் கொத்தும் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தோம். மாலையில் புகையான் பூச்சியைப் பார்த்த அதே பெட்டியில், அதே ஆட்கள். "இவ்வளவு பேர் சுவருக்கு இரண்டு பக்கமும் அண்ணன் தம்பியா?" என்று கேட்டார் எதிர் வீட்டு நெசவாளர். பையன் 1961இல் சுவர் எழும்பியதிலிருந்து ஆரம்பித்து விளக்கினான். அன்றைக்குக் கடை சாத்த நடு இரவு ஆயிற்று.

அலுக்காதா என்று கேட்டாய். அலுத்த நேரங்களும் உண்டு. ஆனால் அரை மணிக்கு ஒருமுறை பேச்சே மாறிவிடும் ஒரு மாலையில் அலுப்பு வெகு நேரம் நிற்காது.

வாசகர், தூத்துக்குடி: எங்கள் ஊரில் எண்பதுகளில் சென்னையை விட இலங்கை ரூபவாஹினிதான் தெளிவாக வரும். கடல் தாண்டி எப்படி வந்தது? சில நாள் பளிங்கு மாதிரி இருக்கும், சில நாள் ஒன்றுமே இருக்காதே?

உங்கள் பக்கத்துக்காரர்கள் பார்த்த மாலை எங்களுடையதை விடப் பலவிதம் சார். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே இரவில். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

ரூபவாஹினி தொடங்கியது 1982 பிப்ரவரி 15. ஜப்பான் அரசின் உதவியில் கட்டியது. அதன் முக்கிய டிரான்ஸ்மீட்டர் இலங்கையின் மிக உயரமான மலையான பீதுருதாலகாலவில் இருந்தது. உயரம் 2,524 மீட்டர். டி.வி. அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. பூமியின் வளைவு மறைத்துவிடும். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் சுமார் 200 கிலோமீட்டரில். தூத்துக்குடி அதைத் தாண்டி, 350 கிலோமீட்டர் போல. கணக்குப்படி உங்களுக்கு வரவே கூடாது.

வந்ததற்குக் காரணம் மன்னார் வளைகுடா. கடலை ஒட்டி ஈரமான குளிர்ந்த காற்று கிடக்கும். அதன்மேல் சூடான வறண்ட காற்று வந்து மூடினால், இரண்டும் சேருமிடம் அலையைக் கீழ்நோக்கி வளைத்துவிடும். அலை மேலே தப்பிப் போகாமல் கடலை ஒட்டியே ஓடி உங்கள் கரைக்கு வந்து சேரும். காற்று அசையாத புழுக்கமான இரவுகளில் இந்த அடுக்கு கலையாமல் நிற்கும், படம் பளிச்சென்று இருக்கும். பலத்த காற்று அடித்தால் அடுக்கு கலைந்துவிடும், திரையில் வெறும் புள்ளிதான். நாற்பதடி குழாய் நட்டு, உச்சியில் பூஸ்டர் மாட்டியவர்களுக்கு இன்னும் சில நாட்கள் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

உங்கள் மாவட்டத்தில் தமிழ் நிகழ்ச்சிகள் ஒழுங்காக வரத் தொடங்கியது கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகு. அதற்கு முன்னால் பல ஊர்களில் சின்ன டிரான்ஸ்மீட்டர்தான். 1984இல் அந்தச் சின்ன நிலையங்களை ஏறக்குறைய நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் நாடு முழுக்கத் திறந்தார்கள். அவை இன்சாட்-1பி செயற்கைக்கோளிலிருந்து டில்லியை வாங்கி அப்படியே கொடுத்தன. தமிழ் பேசும் ஊரில் டி.வி. வந்தும் தமிழ் வரவில்லை. அந்த இடைவெளியில் உங்களுக்குத் தமிழில் செய்தி வாசித்தது கடலுக்கு அப்பால் இருந்த நிலையம். இதை யாராவது தெற்கத்திக்காரர் விரிவாக எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

வாசகி, சேலம்: டி.வி. வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்று மாமனார் சொல்கிறார். உண்மையா?

உண்மைதான். தபால் நிலையத்தில் வருடா வருடம் பணம் கட்டி, புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். ரேடியோவுக்கும் அப்படித்தான். எண்பதுகளின் நடுவில் எடுத்துவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், விழுப்புரம்: எட்டரைக்குப் பின் இந்தி வந்ததைப் பற்றி நீங்கள் மனக்குறை இல்லாமல் எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை (சென்ற இதழ்). அது திணிப்பு அல்லவா?

ஐயா, மனக்குறை எனக்கும் உண்டு. சென்னை நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. ஏழு வருடம் கழித்து, 1982இல் அதே ஆகஸ்ட் 15 அன்று தேசிய ஒளிபரப்பு வந்தது. கலரும் அப்போதுதான், அந்த நவம்பரில் டில்லியில் ஆசிய விளையாட்டு. அதோடு மாலையின் சிறந்த நேரம் டில்லிக்குப் போயிற்று. வேலை முடித்து, சாப்பிட்டு, எல்லோரும் உட்காரும் நேரத்தில் தமிழ் கிடையாது. சென்னையில் நல்ல நாடகம் போடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த நேரம் குறைவு. எங்கள் தெருவில் எட்டரைக்கு டப் டப்பென்று செட்டுகளை அணைக்கும் சத்தம் கேட்கும். அதுவே ஒரு பதில்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் ஒன்று போடுவார்கள், கீழே ஆங்கில எழுத்தோடு. ஒரு வாரம் வங்காளம், ஒரு வாரம் அசாமியம், ஒரு வாரம் கன்னடம், ஒரு வாரம் மலையாளம். அந்த நேரத்தை மட்டும் யாராவது குறை சொன்னால் நான் விடமாட்டேன். சண்டை இல்லை, பாட்டு இல்லை, ஒரு கிழவி வாசலில் உட்கார்ந்திருக்கிறாள், மழை வருகிறது, அவ்வளவு நேரம் அதையே காட்டுகிறார்கள். தெருவில் நிறையப் பேர் தூங்கிவிட்டார்கள். நான் தூங்கவில்லை. எல்லா மொழிக்கும் அப்படி ஒரு இடம் இரவு ஒன்பது மணிக்கும் இருந்திருந்தால் உங்களுக்கும் எனக்கும் இந்தச் சண்டையே இருந்திருக்காது.

வாசகர், பெங்களூரு: மகாபாரதம் இந்தியில்தானே வந்தது? உங்கள் பக்கத்து ஜனங்களுக்கு எப்படிப் புரிந்தது?

இந்தக் கேள்விக்கு நான் காத்திருந்தேன். பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் வரை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஓடியது. காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி வட்டாரம் கட்டைக்கூத்துப் பூமி. திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து. கடைசி நாள் மண்ணில் படுத்த மேனிக்குப் பெரிய துரியோதனனைச் செய்து படுகளம், பிறகு தீமிதி. பத்து வயதுக்குள் முழுப் பாரதமும் காதில் ஏறிவிடும்.

ஆகவே எங்கள் ஆட்கள் டி.வி.யைப் புரிந்துகொள்ளப் பார்க்கவில்லை, சரியாகச் செய்கிறார்களா என்று பார்த்தார்கள். சகுனி வந்ததும் ஒருவர், "நம்ம கூத்தில் இன்னும் கொஞ்சம் நஞ்சு இருக்கும்" என்பார். துகில் உரியும் காட்சி வந்த ஞாயிறு, ஒரு கூத்து வாத்தியார் என் கடைக்கு வந்திருந்தார். தானே அந்தக் காட்சியில் வேஷம் கட்டி ஆடியவர். அவர் எழுந்து நின்றுவிட்டார். அவரைப் பார்த்துத் திண்ணையில் எல்லோரும் நின்றார்கள். மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை.

வாசகர், மதுரை: 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை வரும்போது அங்கே என்ன நடந்துகொண்டிருக்கும்?

பல காரணம். சென்னைக்கும் உங்கள் கோபுரத்துக்கும் நடுவே அலைத் தொடர்பு அறுந்திருக்கலாம். சினிமாப் படச்சுருள் அறுந்திருக்கலாம். நாடா இயந்திரத்தில் தலை அடைத்திருக்கலாம். அங்கே ஒருவர் ஓடிக்கொண்டிருப்பார் என்பது மட்டும் நிச்சயம். இங்கே என் கடைக்கும் ஒருவர் ஓடி வருவார், செட் கெட்டுவிட்டது என்று. "எழுத்து தெரிகிறதா? தெரிந்தால் செட் நன்றாக இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள்" என்பேன்.

இல்லத்தரசி, கும்பகோணம்: 1989 தேர்தல் முடிவு வந்தபோது இரவெல்லாம் சினிமா போட்டார்கள் என்பது என் நினைவு. சரிதானா?

சரிதான் அம்மா. அந்த நவம்பரில் வாக்குச் சீட்டைக் கையால் எண்ணிய காலம். முடிவு வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். பிரணாய் ராயும் வினோத் துவாவும் டில்லியில் உட்கார்ந்து ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். நடுநடுவே சினிமா. கதாநாயகி அழுதுகொண்டிருக்கும்போது படம் நின்று, எந்தத் தொகுதியில் யார் முன்னணி என்று வரும். அதற்காக எரிச்சல்பட்டவர்களும் படம் மறுபடி வரும்வரை உட்கார்ந்து அரசியலைக் கேட்டார்கள். எங்கள் தெருவில் பல பெண்களுக்கு, பிறகு பிரதமரான வி.பி. சிங் என்ற பெயர் அப்படித்தான் தெரிந்தது.

வாசகர், கோயம்புத்தூர்: அந்த நிகழ்ச்சிகளை இப்போது பார்க்க முடியாதா? என் அக்கா வீட்டுப் பரணில் பழைய வி.எச்.எஸ். கேசட்டுகள் கிடக்கின்றன. தூக்கிப் போடச் சொல்கிறார்கள்.

போடவே போடாதீர்கள்! நாடா விலை அதிகம் என்பதால் பழைய பதிவின்மேலேயே புதிதைப் பதிவு செய்வது உலகம் முழுக்கத் தொலைக்காட்சி நிலையங்களில் இருந்த வழக்கம். அப்படி அழிந்தவை எத்தனையோ. அன்றாட நிகழ்ச்சிகள்தான் முதலில் அழியும், யாரும் அவற்றைப் பெரிதாக நினைப்பதில்லை. வயலும் வாழ்வும் ஒரு சாயங்காலம், நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் 'எதிரொலி' நிகழ்ச்சியில் ஒரு கடிதம், அடுத்த வார நிகழ்ச்சிகளின் முன்னோட்டம் எல்லாம் ஒருவேளை உங்கள் அக்கா வீட்டுப் பரணில்தான் மிச்சம் இருக்கும்.

கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள். வெள்ளையாகத் தூள் பூத்திருந்தால் அது பூஞ்சை, எந்தப் பிளேயரிலும் போடாதீர்கள். பிளேயரின் தலை கெடும், அதில் அடுத்துப் போடுகிற நல்ல நாடாவுக்கும் தொற்றும். பூஞ்சை இல்லாதவற்றைப் புத்தகம் போலச் செங்குத்தாக நிறுத்தி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். பரண் வேண்டாம், கோடையில் ஓட்டுக்கு அடியில் சூடு ஏறும். நீங்கள் போட்டுப் பார்ப்பதற்கு முன் ஒருமுறை கடைசிவரை சுற்றித் திருப்பிச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் ஒட்டிக்கிடந்த சுற்றுகள் பிரியும்.

கல்யாண வீடியோக்களைக் கணினிக் கோப்பாக மாற்றித் தருகிற ஸ்டுடியோக்கள் உங்கள் ஊரில் இன்னும் இருக்கும். அங்கே கொடுக்கும்போது ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: எதையும் வெட்டக்கூடாது. பாட்டு மட்டும் போதும் என்று விளம்பரத்தையும் அறிவிப்பாளரையும் தடங்கல் அட்டையையும் எடுத்துவிடுவார்கள். முழுதாக மாற்றச் சொல்லுங்கள். கேசட் முதுகில் யாராவது பேனாவால் தேதி எழுதியிருந்தால் அதையும் கோப்பின் பெயரில் சேர்த்துவிடுங்கள்.